‘ஆயா’ என்றால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை

கேள்வி:

செலாயாங் பாருவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் அம்மா பல வருடங்களாக வீட்டிலேயே பிள்ளை பார்த்துக்கொள்கிறார். இப்போது ஆறு பேர் வருகிறார்கள். ஒன்று கைக்குழந்தை. மூன்று பேருக்கு ஒன்றரையிலிருந்து மூன்று வயதுக்குள். மீதி இரண்டு பேர் தமிழ்ப்பள்ளி முடிந்து மதியம் வந்து, சாப்பிட்டு, பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள். பெற்றோரில் இரண்டு பேருக்குச் செலாயாங் மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை. ஒருவர் பசார் போரோங்கில் விடியுமுன் கடை திறக்கிறவர்.

இந்த வருடம் அம்மாவுக்கு ஒரு நேம் கார்டும் ரசீதுப் புத்தகமும் அடித்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். சிலர் அம்மாவை ‘ஆயா’ என்கிறார்கள், அவருக்கு அது பிடிக்கவில்லை. அண்ணன் ‘பேபி சிட்டர்’ என்று போடச் சொல்கிறான். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ‘பெங்ஙாசு’ என்பதே சரி என்கிறார். ‘தாஸ்கா’ என்று போட்டால் கௌரவமாக இருக்கும் என்பது என் எண்ணம். கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் பாரத்தில் ‘பெஞ்ஜாகா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் அம்மா தன் பெயரை எழுதிவிடுகிறார். இதெல்லாம் சரியா? மலாயில் எந்தச் சொல், தமிழில் எந்தச் சொல் போடலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செலாயாங் பாரு

பதில்:

அச்சகத்துக்குப் போகாதீர்கள். முதலில் பிள்ளைகளை எண்ணுவோம்.

நீங்கள் கௌரவத்துக்காகப் போட நினைக்கும் ‘தாஸ்கா’ ஒரு சட்டச் சொல். ‘தாமான் அசுஹான் கானாக்-கானாக்’ என்பதன் சுருக்கம் அது. 1984-ஆம் ஆண்டின் 308-ஆம் சட்டம் அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ, கட்டணம் வாங்கிக்கொண்டு ஓர் இடத்தில் பார்த்துக்கொள்ளப்பட்டால் அந்த இடம் தாஸ்கா. பெயர்ப்பலகை இருக்கிறதா, தனிக் கட்டடமா, கூடமும் ஓர் அறையுமா என்பது கேள்வியே இல்லை. உங்கள் அம்மாவிடம் வரும் ஆறு பேரில் பள்ளிப் பிள்ளைகள் இருவரும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். மீதி நான்கு பேர். ஆகவே அந்தச் சொல்லைக் கார்டில் போடலாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், சட்டத்தின் கண்ணில் உங்கள் வீடு ஏற்கெனவே தாஸ்காதான். பதிவு செய்யாத தாஸ்கா.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பதிவில்லாமல் நடத்தினால் அபராதத்துக்கும் சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று அதே சட்டத்தில் தனி வகை உண்டு. மலாயில் ‘தாஸ்கா டி ருமா’ என்பார்கள். பத்தோ அதற்கு மேலோ ஆனால்தான் நிறுவன வகை. அதற்கு நகராண்மைக் கழகம், தீயணைப்பு இலாகா, சுகாதார இலாகா என்று ஏறி இறங்க வேண்டிய படிகள் அதிகம். உங்கள் அம்மா முதல் வகைக்குள் வருகிறார்.

இதைக் கவனிப்பது சமூகநல இலாகா, மலாய்ச் சுருக்கத்தில் ஜேகேஎம். செலாயாங் பாரு சிலாங்கூரில், கோம்பாக் மாவட்டத்தில் இருப்பதால் உங்களுக்குக் கோம்பாக் மாவட்டச் சமூகநல அலுவலகம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘செலாயாங்’ என்ற பெயர் ஒட்டியிருக்கும் எல்லாமே செலாயாங் நகராண்மைக் கழகத்துக்குள் அடங்கிவிடுவதில்லை. எல்லாரும் செலாயாங் பசார் என்று சொல்லும் மொத்தச் சந்தையே கோலாலம்பூர் எல்லைக்குள் இருக்கிறது. அந்தப் பக்கம் குடியிருக்கும் வாசகிகள் கூட்டரசுப் பிரதேச அலுவலகத்தைப் பார்க்க வேண்டும்.

போகும்போது பிள்ளைகளின் வயதுப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு வயதுக்குக் கீழே என்றால் மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்கு என்றால் பத்துப் பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 98 நாளாக உயர்ந்துவிட்டது, முன்பு 60 நாள்தான். அப்படியும் உங்கள் அம்மா கைக்கு வரும் பிள்ளைக்குக் கழுத்து நின்று அதிக நாள் ஆகியிருக்காது. ஒரு கைக்குழந்தையும் மூன்று சிறிசுகளும் கலந்து இருக்கும்போது ஒருவரே சமாளிக்கலாமா, உதவிக்கு ஆள் வேண்டுமா என்பதை அங்கேயே கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருவரையும் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். தாஸ்காவில் வேலை செய்வோர் எடுக்க வேண்டிய அடிப்படைப் பயிற்சி ஒன்று இருக்கிறது, ‘காப்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். அதைப் பற்றியும் கேளுங்கள். இத்தனை வருடம் பிள்ளை வளர்த்தவருக்குப் பயிற்சியா என்று அம்மா சிரிக்கலாம். மூச்சுத் திணறும் குழந்தைக்கு முதலுதவி செய்வது போன்றவற்றை அனுபவம் தானாகக் கற்றுத்தந்துவிடாது.

இனி மலாய்ச் சொற்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது சரி. ‘பெங்ஙாசு’ என்பது ‘அசு’ என்ற வினையிலிருந்து வருகிறது. வளர்த்து, பழக்கி, பேணுவது என்று பொருள். தாஸ்காவின் முழுப்பெயரில் இருக்கும் ‘அசுஹான்’ என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். இடத்துக்கும் ஆளுக்கும் ஒரே வேர் என்பதால் கார்டில் இரண்டும் பொருந்தி நிற்கும். இப்போது பலர் ‘பெண்டிடிக்’ என்று போட விரும்புகிறார்கள், கல்வி புகட்டுபவர் என்று அர்த்தம். பயிற்சி முடித்துவிட்டு அம்மா அப்படிப் போட்டுக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கார்டைப் பார்க்கும் பெற்றோர் எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் இடம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அம்மா செய்யப் போவது அதுவல்ல என்றால் ‘பெங்ஙாசு’தான் நேர்மையான சொல்.

‘பெஞ்ஜாகா’ என்ற கட்டத்தில் அம்மா பெயர் எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பதற்றம் தந்த வரி அதுதான். ‘ஜாகா’ என்றால் காவல். பழைய தலைமுறை இரவுக் காவல்காரரை ஜாகா என்றுதான் சொல்லும். பேச்சு மலாயில் ‘ஜாகா பூடாக்’ என்றால் பிள்ளை பார்த்துக்கொள்வது, அதில் தவறில்லை. ஆனால் பள்ளி, கிளினிக், வங்கிப் பாரங்களில் ‘தாய் தந்தை’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் வரும் ‘பெஞ்ஜாகா’ வேறு. அது சட்டப்படியான பாதுகாவலர். பிள்ளைக்காக முடிவெடுக்கவும் கையெழுத்துப் போடவும் உரிமை உள்ளவர். அந்தக் கட்டத்தில் அம்மா கையெழுத்துப் போட்டால், தனக்கு இல்லாத உரிமையை இருப்பதாக எழுதிக்கொடுத்தவர் ஆகிறார். நாளைக்கு ஊசியிலோ மருந்திலோ ஏதாவது தவறு நடந்தால் முதல் கேள்வி அந்தக் கையெழுத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். பெற்றோரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்: பிள்ளையின் பெயர், ஒவ்வாமை இருந்தால் அது, எந்தக் கிளினிக், அவசரத்தில் யாருக்கு அழைப்பது, தான் வரும்வரை பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக இன்னாருக்கு அனுமதி. பாரத்தில் பெற்றோர் பெயர். ‘பிள்ளையைக் கொண்டுவந்தவர்’ என்று தாதியிடம் வாயால் சொல்லி, அம்மாவின் பெயரை ஓரத்தில் குறிக்கச் சொன்னால் போதும்.

இதே ‘ஜாகா’வில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘பூசாட் ஜாகாஆன்’ என்று பலகை வைக்கிறார்கள். பராமரிப்பு மையம் என்ற பொதுச்சொல் போலத் தெரிகிறது. ஆனால் அது 1993-ஆம் ஆண்டின் 506-ஆம் சட்டத்துக்குரிய சொல். முதியோர் இல்லங்களும் பெரிய பிள்ளைகளின் பராமரிப்பு மையங்களும் அதில் அடங்கும். கார்டில் அந்தச் சொல்லைப் போட்டால் வேறொரு சட்டத்தின் கதவைப் போய்த் தட்டுகிறீர்கள். ‘தாடிகா’வும் அப்படித்தான். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் பத்தோ அதற்கு மேலோ மாணவர்களுக்குப் பாலர் கல்வி கொடுக்கும் இடம் அது, பதிவு கல்வி அமைச்சில். ‘தபிகா’ என்பது கெமாஸ் நடத்தும் பாலர் வகுப்பு. கெமாஸ் என்பது சமூக மேம்பாட்டு இலாகா. நீங்கள் போக வேண்டியது சமூகநல இலாகா. மலாயில் இரண்டின் முதலெழுத்துகளும் ஒன்றே. தவறான வரிசையில் எண் எடுத்து அரைநாள் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

அண்ணன் சொன்ன ‘பேபி சிட்டர்’ வேண்டாம். அப்பா அம்மா சினிமாவுக்குப் போகும்போது இரண்டு மணி நேரம் வந்து உட்காரும் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு அது பொருந்தும். காலை ஆறிலிருந்து இரவு ஷிஃப்ட் முடியும்வரை பிள்ளைக்குப் பசியாறக் கொடுத்து, குளிப்பாட்டி, தூங்க வைப்பவருக்குப் பொருந்தாது. ‘பீபிக்’, ‘அமா’ என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். முன்னது இங்கே இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கு ஒட்டிப்போன சொல். பின்னது பிறர் வீட்டில் தங்கி வேலை செய்பவரைக் குறித்தது. உங்கள் அம்மா தன் வீட்டில் தன் தொழிலைச் செய்கிறார்.

பெற்றோர் ரசீது ஏன் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்குக் கட்டும் பராமரிப்புக் கட்டணத்துக்கு வருமான வரியில் கழிவு உண்டு. அண்மை ஆண்டுகளில் அது 3,000 ரிங்கிட் வரை போயிருக்கிறது. எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டின் பாரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது பதிவு பெற்ற தாஸ்காவுக்கும் தாடிகாவுக்கும் கட்டிய பணத்துக்கு மட்டும். பதிவுக்கு முன்னால் ‘தாஸ்கா’ என்று அச்சிட்ட ரசீதைக் கொடுத்தால், அதை நம்பி ஒரு தாதி தன் வரிக்கணக்கில் எழுதுவார். வருமான வரி வாரியம் பதிவு எண்ணைக் கேட்டால் மாட்டிக்கொள்வது அவர். பதிவு கிடைக்கும்வரை சாதாரண ரசீதுப் புத்தகத்தில் ‘யுரான் அசுஹான்’, அதாவது பராமரிப்புக் கட்டணம், இன்ன மாதம், இன்ன பிள்ளை, இத்தனை வெள்ளி என்று எழுதிக் கொடுங்கள். இதை வைத்து வரிக்கழிவு கேட்க முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பதிவு வந்த பிறகு எண்ணோடு புதிய புத்தகம் அடியுங்கள்.

நான்கு பிள்ளை என்ற கணக்கைக் கேட்டதும் சிலருக்கு ஒரு யோசனை வரும்: ஒருவரை அனுப்பிவிட்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டால் எந்தச் சட்டமும் வராதே என்று. 308-ஆம் சட்டம் வராது. ஆனால் 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரே ஒரு பிள்ளையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டாலும் அவரைக் குழந்தைப் பராமரிப்பாளர் என்றே சொல்கிறது. அதோடு ஒரு கடமையையும் வைக்கிறது. அந்தப் பிள்ளை உடலாலோ மனத்தாலோ காயப்படுத்தப்பட்டிருக்கிறது, பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறது, புறக்கணிக்கப்படுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், சமூகநல அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். குளிப்பாட்டும்போது முதுகில் தழும்பைப் பார்ப்பவர் உங்கள் அம்மாதான். ‘நமக்கெதுக்கு வம்பு, அவங்க குடும்ப விஷயம்’ என்று நம் ஆட்கள் பேசாமல் இருந்துவிடுகிறோம். ‘தாலியான் காசே’ எண் 15999. அதை அம்மாவின் கைப்பேசியில் இன்றே பதிந்து வையுங்கள். இந்தக் கடமையைப் பற்றி அம்மாவோடு உட்கார்ந்து பேசியபிறகு கார்டின் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘ஆயா’ ஏன் கசக்கிறது?

அந்தச் சொல்லின் ஊர் எது என்று தேடினால் இரண்டு திசைகளிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. தமிழில் ‘ஆய்’ என்றால் தாய். நகரத்தார் வீடுகளில் இன்றும் அம்மாவின் அம்மா ஆயா, அப்பாவின் அம்மா அப்பத்தா. இன்னொரு பக்கம், போர்ச்சுகீசிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் பெரிய வீட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு இதே ஒலியில் ஒரு சொல் உண்டு. பாட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அது வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. போர்ச்சுகீசியரிடமிருந்து இந்தியாவுக்கு வந்து, வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பெயராகி, துரைமாரோடே ஊர் ஊராகப் போனது. இரண்டு பக்கமும் தாய், பாட்டி என்ற உறவில் தொடங்கியவைதான். ஒன்று குடும்பத்துக்குள்ளேயே நின்றது, மற்றது சம்பளப் பட்டியலின் கடைசி வரிக்குப் போனது.

நம் நாட்டில் அந்தக் கடைசி வரிக்கு ஒரு முகவரி இருந்தது: ஆயாக் கொட்டகை. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுக்க ஓட வேண்டிய தாய், தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அங்கே விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவாள். பெரும்பாலும் மரம் வெட்டும் தெம்பு போய்விட்ட வயதான பெண்மணிதான் ஆயா. வரிசையாகத் தொங்கும் தூளிகள், ஒரே நேரத்தில் அழும் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஒன்றிரண்டு பேர். தோட்டம் முழுவதும் அந்தப் பெண்ணின் கையில் வளர்ந்தது. ஆனாலும் கூலியில் வெட்டுக்காரிக்குக் கீழே, மரியாதையில் கிராணிக்கு எட்டாத தூரத்தில் இருந்தார். பள்ளிக்கூடங்களில் கழிவறை சுத்தம் செய்கிறவருக்கும் பின்னாளில் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. உங்கள் அம்மாவுக்கு வலிப்பது அந்தச் சொல்லின் மேல் படிந்த கூலிக்கணக்கு. அவரைக் குறை சொல்ல முடியாது. அதேசமயம், தோட்டத்தில் வளர்ந்த ஒரு தாத்தா தன் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு ‘ஆயா, பாத்துக்கங்க’ என்று சொன்னால் அதில் இளக்காரம் இருக்காது. அவருக்கு அது வளர்த்தவளின் பெயர். யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் கோபப்பட வேண்டும்.

பெயரை மாற்றினால் நிலைமை மாறுமா என்று கேட்கலாம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இதற்குப் ‘பிள்ளை மடுவம்’ என்று பெயர். பிற்காலத்தில் அதிகாரபூர்வமாகச் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ ஆயிற்று. பொறுப்பாளர் ‘சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்’ ஆனார், பயிற்சியும் வந்தது. பெயரோடு பயிற்சியும் சேர்ந்து வந்ததால் அதை நான் வெறும் பூச்சு வேலை என்று சொல்லமாட்டேன்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் சுவையானது. இந்தியாவில் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர் என்று இரண்டு பொறுப்புகள். ஊர் வழக்கில் முதலாமவர் ‘டீச்சர்’, இரண்டாமவர் ‘ஆயாம்மா’. தாள் என்ன சொன்னாலும் வாய் விடவில்லை. ஆனால் அவர்களை உண்மையில் வாட்டியது இந்த இரண்டு பெயரும் அல்ல, கையில் வரும் காசுக்கு வைத்த பெயர். அவர்கள் செய்வது கௌரவப் பணி என்று சொல்லி, மாதம் கொடுப்பதை ‘மதிப்பூதியம்’ என்றார்கள். மதிப்பூதியம் வாங்குகிறவருக்கு ஊழியருக்குரிய பலன்கள் எதற்கு என்ற வாதம் அந்த ஒரு சொல்லின் மேல் நின்றது. குஜராத்திலிருந்து போன வழக்கில் 2022 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர்கள் பெறுவது ஊதியமே, பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. உங்கள் ரசீதுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ‘அன்பளிப்பு’, ‘கைச்செலவு’ என்று கூச்சத்தில் எதையாவது எழுதி வைக்காதீர்கள். கட்டணம் என்றால் கட்டணம்.

தமிழில் கைக்கு எட்டும் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ‘செவிலித்தாய்’ அழகானது, பழையது. சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவியின் தோழி அந்தச் செவிலியின் மகள். வளர்த்தவளுக்கு இவ்வளவு உயர்ந்த இடம் கொடுத்த இலக்கியம் நமக்கு இருக்கிறது. ஆனால் தமிழ்நாடு செவிலியை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டது. நாம் இங்கே அதே வேலையைத் ‘தாதி’க்குக் கொடுத்திருக்கிறோம். பாலூட்டி வளர்ப்பவள் என்ற வடமொழிச் சொல்லின் வழியில் வந்தது அதுவும். செலாயாங் மருத்துவமனைக்கு அருகில் இருந்துகொண்டு ‘செவிலி’ என்று கார்டு அடித்தால் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி ஆள் வந்து நிற்கும். ‘வளர்ப்புத்தாய்’ தத்தெடுத்தவளைக் குறிக்கும், பெற்றவள் மனம் கோணும். ‘காப்பகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நம் காதில் அது ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம் போல ஒலிக்கிறது. ஸ்பெயினிலும் இந்தச் சங்கடம் உண்டு. அங்கே பிள்ளைப் பராமரிப்பு இடத்துக்கு மக்கள் சொல்லும் ‘குவார்தெரியா’ என்ற சொல், பத்திரமாக வைப்பது என்ற வினையிலிருந்து வருகிறது. பிள்ளை என்ன மூட்டையா, வைத்துவிட்டு எடுத்துப் போக என்று அந்தத் துறைக்காரர்கள் அதைத் தவிர்த்து ‘சிறுவர் பள்ளி’ என்று பொருள்படும் பெயரையே விரும்புகிறார்கள். நாம் மட்டும் என்ன, ‘பிள்ளைய ஆயா வீட்ல போட்டுட்டு வர்றேன்’ என்றுதானே காலையில் எல்லாரும் சொல்லிக்கொண்டு ஓடுகிறோம். ‘போட்டுட்டு’ போய் ‘விட்டுட்டு’ வந்தாலே அம்மாவுக்குப் பாதி மனத்தாங்கல் தீரும்.

ஆகவே தாளில் ‘குழந்தைப் பராமரிப்பாளர்’. கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்திரிகை படிப்பவர்கள் எல்லாருக்கும் புரியும், பொய்யும் இல்லை, உயர்வு தாழ்வும் இல்லை. ‘பாலர் பள்ளி’, ‘மழலையர் பள்ளி’, ‘ஆசிரியை’ என்ற சொற்களைப் பக்கத்திலும் அண்ட விடாதீர்கள்.

பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுவது என்பதில் நான் தலையிடமாட்டேன், கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்மாவிடமே கேளுங்கள். பாட்டியா, அம்மாச்சியா, பெரியம்மாவா, அத்தையா, எது அவர் காதுக்கு இனிக்கிறதோ அதைப் புதிதாக வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ‘பிள்ளைங்க எங்கம்மாவ அம்மாச்சின்னுதான் கூப்பிடுவாங்க.’ வீட்டில் பெற்றோர் எந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அதையே பிள்ளை பிடித்துக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளை ‘ஆயா’ என்று கூப்பிட்டால் திருத்த வேண்டியது பிள்ளையை அல்ல. ஒரே ஓர் எச்சரிக்கை: ‘அம்மா’ என்று கூப்பிடப் பழக்காதீர்கள். நாள் முழுவதும் வார்டில் நின்றுவிட்டு வந்து கை நீட்டும் தாயிடம் போகாமல், பிள்ளை உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு ‘அம்மா’ என்று அழுதால், அந்தத் தாய் அடுத்த மாதமே வேறு இடம் தேடுவாள்.

கார்டுக்கு வருவோம். பதிவு முடியும்வரை முதல் வரியில் அம்மாவின் பெயர். அடுத்த வரியில் ‘குழந்தைப் பராமரிப்பாளர்’, அதன் கீழே மலாயில் ‘பெங்ஙாசு கானாக்-கானாக்’. பிறகு செலாயாங் பாரு, கைப்பேசி எண், பிள்ளைகளை ஏற்கும் நேரம். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்காக விடியற்காலையிலும் கதவு திறப்பீர்கள் என்றால் அதை எழுதுங்கள், உங்கள் வட்டாரத்தில் வேறெந்தப் பட்டத்தையும்விட அந்த வரிக்குத்தான் மதிப்பு. பதிவு கிடைத்ததும் ‘தாஸ்கா டி ருமா’வும் பதிவு எண்ணும் சேர்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம். அதனால் முதல் முறை நூறு கார்டுக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளின் படத்தைக் கார்டிலோ வாட்ஸ்அப் விளம்பரத்திலோ போடாதீர்கள், எவ்வளவு அழகாகச் சிரித்தாலும். அது அவர்கள் பெற்றோரின் பிள்ளை, உங்கள் விளம்பரம் அல்ல. படம் வேண்டும் என்று அச்சகத்தார் வற்புறுத்தினால் ஒரு தூளியை வரையச் சொல்லுங்கள்.